மாமா அனுப்பிய காற்றும் அத்தாவின் ஆறு வோல்ட்டும்

786

லெப்பைக்குடிக்காடு,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் உள்ள ஹபிபுல்லா மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகள் ஷஹானா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அத்தா, அம்மா, நான், புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பைக் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அங்கே தங்கள் உடம்பும், வேலையும், ரூமில் தங்கள் சமையல் முறை வரும் நாளில் தாங்கள் வைக்கும் குழம்பும் நல்லபடியாக இருக்கத் தினமும் துஆ செய்கிறோம்.

போனில் கூப்பிட்டால் நான் "ம்" தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டீர்களாம். அங்கமுத்து டீக்கடையில் வைத்துத்தான் எங்களுக்குப் போன். ரிசீவரை என் கையில் கொடுத்ததும் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்ப்பார்கள். எனக்கு எப்படிப் பேச்சு வரும்? ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து வெளியாட்களிடம் பேசுகிற பழக்கமே போய்விட்டது. பேனா அப்படியில்லை, எடுத்தால் நிறுத்தத் தெரியாது. இந்தக் கடிதத்தில் அத்தா எழுதச் சொன்னது ஒரே வரிதான், "மிஷின் கிடைத்தது" என்று. அதை இதோ எழுதிவிட்டேன். இனிமேல் வருவதெல்லாம் நானாக எழுதுவது. ஏனென்றால், இந்தத் தடவை லீவில் வந்தால் திருச்சியில் இறங்கி நேரே அரியலூருக்கு மாமி வீட்டுக்குப் போய்விடுவேன், அப்படியே திரும்பியும் போய்விடுவேன் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து அம்மா குழம்பில் உப்பை இரண்டு தடவை போடுகிறார், அல்லது போடுவதே இல்லை. நீங்கள் எங்கள் வாசலை மிதிக்காமல் போய்விடக் கூடாது மாமா. அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முந்தைய கதை உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியாது. பாடாலூர் தாண்டி ஒரு நிக்காஹுக்கு அத்தா உங்களைப் பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் சவூதியில் வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தீர்கள். நடுரோட்டில் பின் டயர் பஞ்சர். கையில் பம்பு இல்லை, பக்கத்தில் கடை இல்லை, லாரிகள் மட்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. இரண்டு பேரும் வேகாத வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது உங்கள் சட்டை இருந்த நிலையைப் பார்த்து மண்டபத்துக்காரர் ஜெனரேட்டர் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்துப் பின்பக்கம் கையைக் காட்டினாராம். அதுவரைக்கும் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எல்லோரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணியில் கை வைக்கிற நேரத்தில் நீங்கள், "எங்க மச்சான் வண்டிக்குப் பெட்ரோல் செலவு கம்மிங்க, பாதி தூரம் மச்சினன்தானே தள்றான்" என்று சொல்ல, தாம்பாளத்தைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த தாம்பாளத்துக்கும் போயிருக்கிறது. அத்தா எழுந்து கை கழுவிவிட்டார். ஒரே தட்டில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்தால் அது சின்ன விஷயமா? அன்றையிலிருந்து அத்தா வாயில் மச்சான் என்ற சொல்லே கிடையாது. அம்மாவிடம் பேசும்போது "உன் தம்பி" என்பார். கோபம் கூடினால் "அந்த சவூதிக்காரர்."

இந்த நிலைமையில்தான் உங்கள் பெட்டி வந்தது. உங்கள் ரூம்காரர் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்குப் பெட்டி பிரிப்பதைப் பார்க்கப் பாதித் தெரு எங்கள் கூடத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தைலமும் சோப்பும் பாதாமும், எனக்கு வாட்ச், எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருந்தீர்கள். கடைசியாக அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. "மச்சானுக்கு" என்று தடித்த எழுத்தில் உங்கள் கையெழுத்து. அட்டையில் ஒரு படம்: பளபளவென்று ஒரு கார், பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே டயருக்குக் காற்றடிக்கிறாள். அத்தா அந்தப் படத்தை முன்னாலும் பின்னாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த காற்றடிக்கிற மிஷினின் வயரைப் பிடித்து இழுத்தால் முனையில் ஒரு குட்டையான பிளக், காரில் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் சொருகுவதற்கு. அத்தா ஆட்கள் போகும்வரை காத்திருந்து, "ஜுலைகா, நம்ம வூட்டுல கார் இல்லேன்னு இந்த ஊருக்கே தெரியும், உன் தம்பிக்குத் தெரியாதா? அந்தப் பஞ்சரை அவன் இன்னும் மறக்கலை பாரு. உக்காந்து சிரிக்கிறதுக்கு அனுப்பியிருக்கான்" என்றார். அம்மா, "இனிமே தள்ள வேணாம்னு அனுப்பியிருக்கான்" என்றார். அத்தா அதைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டு மறுநாள் வியாபாரத்துக்கு லுங்கி மூட்டையைக் கட்டப் போய்விட்டார். எனக்கு மட்டும் சந்தேகமே இல்லை மாமா. கேலி செய்கிறவர் அவ்வளவு அழகாக, கோடு போட்டு, மச்சானுக்கு என்று எழுதமாட்டார்.

மறுநாள் அத்தா வியாபாரத்துக்குப் போனபிறகு பீரோவிலிருந்து அட்டையை இறக்கிப் பார்த்தேன். கார் படத்துக்குக் கீழே 12V என்று போட்டிருந்தது. கார் வேண்டியதில்லை, கார் பேட்டரிதான் வேண்டும், அதுகூட வேண்டியதில்லை, பன்னிரண்டு வோல்ட் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. பைக்கிலும் பேட்டரி இருக்கிறதே. இதை நான் அம்மா காதில் சொன்னேன். அம்மா சாயங்காலம் அத்தாவிடம் சொன்னார். அத்தா என்னைப் பார்த்தார். "வாய தொறக்காத புள்ள சொல்லுதுன்னா யோசிச்சுத்தான் சொல்லும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ரொம்ப நேரம் நிலைக்கவில்லை, ஏனென்றால் அத்தா போர்வை வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, "நம்ம வண்டியில இந்த பிளக்கு சொருக ஓட்டை எங்க இருக்கு?" என்று கேட்டார். பிளக்கை வெட்ட வேண்டாம், அதன் முனையில் வயரைக் கட்டி பேட்டரிக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்ல, "அத்தா" என்று கூப்பிட்டேன். "என்னம்மா" என்றார். எப்போதும் போல, "ஒண்ணுமில்லத்தா" என்று வாயில் வந்துவிட்டது. பிளக் கீழே விழுந்தது. அதற்குப் பதிலாக வயர் முனையில் பல் வைத்த இரண்டு கிளிப்பை அத்தா மாட்டினார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் வீடு திரும்புகிற நேரம் பார்த்து அத்தா பைக்கை வாசலில் நிறுத்தினார். பின் டயரில் ஏற்கெனவே காற்று கொஞ்சம் கம்மி. சீட்டைக் கழற்றி, பேட்டரியில் கிளிப்பைக் கவ்வவிட்டு, டியூப் வாயில் மிஷினின் குழாயை மாட்டினார். மாட்டும்போதே உஸ்ஸென்று இருந்த காற்றில் பாதி போய்விட்டது. சுவிட்சைப் போட்டார். மாமா, அது ஓடியது என்று சொல்ல முடியாது, ஓடவில்லை என்றும் சொல்ல முடியாது. டொக் என்றது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். மறுபடி ஒரு டொக். அங்கமுத்து கடையை விட்டு இறங்கிவந்து குனிந்து காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "பாய், இதுக்கு இளைப்பு இருக்கு, வெந்நீர் குடுங்க" என்றார். காற்று உள்ளே போகவே இல்லை. மீதி இருந்த பாதியும் வெளியே வந்து பின் டயர் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. அத்தா முகம் சிவந்து, "படத்துல அந்தப் பொம்பள ஏன் சிரிச்சான்னு இப்பத்தான் புரியுது" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். சீட்டைக் கழற்றிப் போட்டிருந்ததால் பேட்டரி நன்றாகத் தெரிந்தது. அதன் வயிற்றில் 6V என்று எழுதியிருந்தது. அத்தா வண்டி பழைய வண்டி, அதற்கு ஆறுதான். மிஷின் மேல் தப்பில்லை, அது பாதிச் சோறு சாப்பிட்டுவிட்டு முழு வேலை செய்யப் பார்த்திருக்கிறது.

ஆறும் ஆறும் பன்னிரண்டு என்பதற்கு ஒன்பதாவது படித்திருக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு வைரக்கண்ணு பெரியப்பாவிடம் அதே மாதிரி பழைய வண்டி ஒன்று இருக்கிறது. மக்காச்சோளப் புரோக்கர், உங்களுக்குத் தெரியும். அவர் வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் காரும் நிற்கிறது, ஆனால் அதற்கு பேட்டரி இல்லாமல் போய் வருஷக்கணக்காகிறது, அதில் கோழிதான் முட்டையிடுகிறது. நான் அம்மாவிடம் சொல்ல, அம்மா ராசாத்தி பெரியம்மாவிடம் சொல்ல, அவர் தம் வீட்டுக்காரரிடம் சொல்ல, போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "பாய், நம்ம ரெண்டு பேரு வண்டியும் சேந்தாத்தான் ஒரு வண்டியாமே" என்று சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை. வயர் எட்டாததால் இரண்டு வண்டியையும் முதுகோடு முதுகு நிறுத்தினார்கள். அந்த பேட்டரியின் மைனஸை இந்த பேட்டரியின் பிளஸ்ஸோடு சேர்ப்பது, மீதி இரண்டையும் மிஷினுக்குக் கொடுப்பது. இதை நான் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவிடம் சொல்லச் சொல்ல அம்மா வாசலைப் பார்த்துச் சொன்னார். அம்மாவுக்கு பிளஸ் எது மைனஸ் எது என்று தெரியாது, ஆனாலும் சொன்ன தோரணையில் தெருவே அம்மாவை மரியாதையாகப் பார்த்தது.

சுவிட்சைப் போட்டதும் மிஷின் போட்ட சத்தத்தில் ஆட்டுக்குட்டி தாய் வயிற்றுக்குக் கீழே ஓடிவிட்டது. டர்ரென்று ஓடியது மாமா. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பின் டயர் எழுந்து நின்றது. மிஷினின் தலையில் காற்றின் அளவைக் காட்டுகிற முள் நகர்ந்தது. அத்தா அந்த முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு தெரு ஆரம்பித்தது. ஒருவர் சைக்கிள் கொண்டுவந்தார், இன்னொருவர் அதைவிடப் பெரிய சைக்கிள் கொண்டுவந்தார். அட்டைக்குள் கூடவே வைத்திருந்தீர்களே, ஊசி மாதிரி ஒன்று, கூம்பு மாதிரி ஒன்று, எதற்கென்று தெரியாமல் அம்மா அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தார், அதெல்லாம் வெளியே வந்தது. ஊசியை வைத்து வாலிபால் உப்பியது. ரிட்டயர்டு கண்டக்டர் ஆண்டவர் தாத்தாவுக்கு ஒரு வியாதிக்காக உட்காருகிற காற்றுத் தலையணை உண்டு, நடுவில் ஓட்டை போட்டது, தினமும் வாயால் ஊதி ஊதி அவருக்குத் தலைசுற்றல் வேறு வந்துவிட்டதாம். அதைக் கொண்டுவந்தார். கூம்பை வைத்து அடித்ததில் அது பூசணிக்காய் மாதிரி கல்லாகிவிட்டது. தாத்தா அங்கேயே உட்கார்ந்து பார்த்து, சறுக்கிப் போய் வாலிபால் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிபடவில்லை. "பஸ்ஸுலகூட இப்படி விழுந்ததில்ல" என்றார்.

எல்லோரும் இன்னும் கிட்ட வர, கூட்டம் நெருக்கியதில் வைரக்கண்ணு பெரியப்பா வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. இரண்டு வண்டியிலும் மூட்டை வைக்கிற இரும்பு கேரியர் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றாமல் அப்படியே வண்டியில் வைத்துக்கொண்டு வயரை மாட்டியிருக்கிறோம். பேட்டரியின் மைனஸ் வண்டியின் இரும்போடும் சேர்ந்திருக்கும். இரும்பும் இரும்பும் முட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் திடீரென்று விளங்கியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், அம்மா டீ போடப் போயிருந்தார். சொல்வதற்கு ஆளே இல்லை. மாமா, நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "வண்டிய முட்ட விடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து என் குரலைக் கேட்டிராத அத்தனை பேரும் வண்டியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியைப் பிடித்திருந்தவரும் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் இரண்டு கேரியரும் முட்டின. பட்டென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, வயர் மேல்தோல் உருகிப் புகை. கூட்டம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆண்டவர் தாத்தாகூட ஓடினார், தலையணையோடு. அத்தா மட்டும் கிளிப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு புகைக்கு நடுவில் நின்றார்.

புகை விலகியதும் வைரக்கண்ணு பெரியப்பா தூரத்திலிருந்தே, "ஏன் பாய், உங்க மச்சான் பட்டாசும் சேத்தா அனுப்பியிருக்காரு?" என்றார். தெருவே சிரித்தது. டீ டம்ளரோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அந்தத் தாம்பாளம் ஞாபகம் வந்தது. அதே அத்தா, அதே வண்டி, அதே மாதிரி சிரிப்பு, பேச்சும் உங்களைப் பற்றித்தான். அத்தா குனிந்து டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. அத்தா நிமிர்ந்து, "என் மச்சான் அனுப்புனா சும்மாவா இருக்கும்?" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அம்மா கையிலிருந்த டீ பாதி சிந்திவிட்டது, அதை யாரும் கேட்கவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் வெளியே வந்தது மாமா, தெருவே சாட்சி.

அதற்குப் பிறகு வந்த கஷ்டங்களையும் எழுதிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. தெருவுக்கெல்லாம் காற்றடித்ததில் இரண்டு பேட்டரியும் காலி. வண்டி உதைத்தால் ஓடுகிறது, ஹாரன்தான் இல்லை. அத்தா ஹாரன் அடித்தால் செந்துறைப் பக்கத்து ஊர்களில் "பாய் வந்துட்டாரு" என்று பெண்கள் லுங்கியும் போர்வையும் பார்க்க வெளியே வருவார்கள், கூவி விற்கிற பழக்கம் அத்தாவுக்குக் கிடையாது. மறுநாள் அடித்திருக்கிறார், சளிபிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மா வெளியே வந்து அத்தாவைத் தாண்டிப் போய்க் குட்டியைத் தேடினாராம். வைரக்கண்ணு பெரியப்பாவுக்குப் பெரம்பலூர் ரோட்டில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்து, ஹாரன் இல்லாததால் அது விலகவே இல்லையாம். அவர், "நான் வண்டி ஓட்டிட்டுப் போகலை பாய், ஆடு ஓட்டிட்டுப் போனேன்" என்று வந்து முறையிட்டார். முறையிட வந்தவர் டீ குடித்தார். இப்போது தினமும் குடிக்கிறார். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று ரகசியமாக என்னவோ பேசுகிறார்கள், என்னைக் கண்டால் நிறுத்திவிடுகிறார்கள். நான் இனிமேல் கத்திவிடுவேன் என்ற பயம் போலிருக்கிறது.

ஆகவே மாமா, என் வேண்டுகோள் இதுதான். அத்தா உங்களை வாங்க என்று எழுத மாட்டார், போனிலும் சொல்ல மாட்டார். அது அவரால் முடியாது. அதை எதிர்பார்த்து நீங்கள் அரியலூரிலேயே இருந்துவிடக் கூடாது. திருச்சியில் இறங்கி பெரம்பலூர் பஸ் ஏறுங்கள், அங்கிருந்து நம்ம ஊர் பஸ். ஸ்டாப்பில் அத்தா தற்செயலாக நிற்பது மாதிரி நிற்பார், நீங்களும் தற்செயலாகப் பார்த்தது மாதிரி பாருங்கள். காரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். இன்னொன்று, கரண்டிலோ பேட்டரியிலோ ஓடுகிற எந்தச் சாமானும், அதற்குத் துணைச் சாமானும், தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம். எங்கள் தெரு தாங்காது. பாதாம் அனுப்பலாம்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். ரூம்காரர்கள் எல்லோருக்கும், குறிப்பாகப் பெட்டியைத் தூக்கிவந்தவருக்கு, அம்மாவின் துஆ. அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைவில்லாத பரக்கத்தையும், தங்கள் டயர்களுக்கு என்றும் குறையாத காற்றையும் தருவானாக. ஆமீன்.

தங்கள் அன்புள்ள அக்கா மகள்,
ஷஹானா.

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போன நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டது. வேப்பமரத்தடியில் இருந்த வெள்ளைக் காரை இரண்டு மாடு பூட்டி இழுத்துவந்து நம் வீட்டு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அத்தாவும் வைரக்கண்ணு பெரியப்பாவும் கூட்டாக ஓட்டப் போகிறார்களாம், பெரம்பலூரிலிருந்து புது பேட்டரியும் வந்துவிட்டது. நாலு டயரிலும் காற்று இல்லை. பின்சீட்டில் ஒரு கோழி இறங்க மறுக்கிறது. அத்தா உள்ளே தலையை விட்டு, சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டு, "பாரு ஜுலைகா, ஓட்டை இருக்கு" என்று கத்தினார். பிறகுதான் அதில் சொருக வேண்டிய பிளக்கைத் தாமே வெட்டிவிட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. தலையை வெளியே எடுத்தார். அப்புறம் என்னிடம், "மாமாவுக்குத்தானே எழுதுற? அந்த மாதிரி பிளக்கு ஒண்ணு வேணும்னு எழுது. அனுப்பச் சொல்லாத. கையில கொண்டாரச் சொல்லு" என்றார். கிளிப்பை நேராகக் கார் பேட்டரியில் மாட்டினாலே மிஷின் ஓடும், பிளக்கே தேவையில்லை. அது எனக்குத் தெரியும். அத்தாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆகையால் துணைச் சாமான் வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும், பஸ்ஸைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடவும். திருச்சி ஏர்போர்ட்டுக்குக் காரோடு வருவதாகச் சொல்கிறார்கள். நீங்கள் வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.